திருவான்மியூரில் கிணற்று நீரில் பெட்ரோல்: மண்ணைத் தோண்டாமல் இருந்த இடத்திலேயே சுத்தம் செய்ய முடியுமா?

கேள்வி: குடியிருப்புச் சங்கச் செயலாளர், திருவான்மியூர்

அனைவருக்கும் வணக்கம். கடற்கரைக்கு நடந்து போகும் தூரத்தில் உள்ள எங்கள் குடியிருப்பில் 18 வீடுகளும், 26 அடி ஆழமுள்ள ஓர் உறை கிணறும், 80 அடி ஆழ்துளைக் கிணறு ஒன்றும் இருக்கின்றன. சென்ற ஆண்டு மே மாதம் உறை கிணற்று நீரில் பெட்ரோல் வாடை அடித்தது. வாளியில் மொண்டு பார்த்தபோது மேலே வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதந்தது. தெருமுனையில் உள்ள பெட்ரோல் பங்கின் பழைய நிலத்தடித் தொட்டி ஒன்று கசிந்தது பிறகு தெரியவந்தது. தொட்டியை மாற்றினார்கள், கிணற்றில் மிதந்ததை உறிஞ்சு துணிகளைக் கொண்டு சில வாரங்கள் எடுத்தார்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு படலம் முழுவதும் மறைந்துவிட்டதால், "நீர் சுத்தமாகிவிட்டது" என்று எங்களுக்குக் கடிதமும் கொடுத்தார்கள்.

இந்தப் பங்குனி முடிவதற்குள் படலம் திரும்பி வந்துவிட்டது. கூடவே அழுகிய முட்டை வாடையும் வருகிறது. குழாயில் பிடித்து வைத்த நீர் ஒரு மணி நேரத்தில் பழுப்பு நிறமாகிறது. வேறெங்கோ சாக்கடையும் கலந்துவிட்டதோ என்று குடியிருப்பவர்கள் அஞ்சுகிறார்கள்.

இப்போது ஆலோசகர் ஒருவர், மண்ணை அகற்றத் தேவையில்லை என்றும், நிலத்துக்குள் குழாய்களை இறக்கிக் காற்றைச் செலுத்தியும் உறிஞ்சியும் இருந்த இடத்திலேயே சுத்தம் செய்யலாம் என்றும், தேவைப்பட்டால் பாக்டீரியாத் தூளும் கலக்கலாம் என்றும் திட்டம் கொடுத்திருக்கிறார். எங்கள் சங்கத்தில் பெரும்பாலானோர் கெட்ட மண்ணைத் தோண்டி லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டும் என்றே வற்புறுத்துகிறார்கள். செலவைக் குறைப்பதற்காக எங்களை ஏமாற்றுகிறார்களா, அல்லது இந்த முறை உண்மையிலேயே வேலை செய்யுமா? இந்தக் கிணற்றை நம்பி 18 குடும்பங்கள் இருக்கின்றன என்பதால், விவரம் அறிந்தவர்கள் விளக்கமாகச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில்: நிலத்தடி நீர்ப் பொறியாளர், அடையாறு

ஐயா, மழையில் மறைந்த படலம் கோடையில் திரும்பியதற்கான காரணம் புரிந்தால், உங்கள் கேள்வியில் பாதிக்கு விடை கிடைத்துவிடும். ஆகையால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பெட்ரோல் நீரைவிட இலேசானது. அதன் அடர்த்தி நீரினுடையதில் ஏறத்தாழ முக்கால் பங்கு. தொட்டியிலிருந்து கசிந்தது மணல் வழியே இறங்கி, நிலத்தடி நீர்மட்டத்தை அடைந்ததும் அதன்மேல் பரவி நிற்கும். உங்கள் பகுதியில் மழைக்காலத்துக்கும் சித்திரை, வைகாசிக்கும் இடையே நீர்மட்டம் பல அடி ஏறி இறங்குகிறது. நீர் இறங்கும்போது பெட்ரோலும் கூடவே இறங்கி, வழியில் உள்ள ஒவ்வொரு மணல் பருக்கையின் இடுக்கிலும் தன்னில் கொஞ்சத்தை விட்டுச் செல்கிறது. மழை பெய்து நீர் ஏறும்போது அந்தத் துளிகள் நீருக்கடியிலேயே சிறைப்படுகின்றன. அப்போது கிணற்றில் படலம் தெரியாது. கோடையில் நீர் இறங்கியதும் சிறைப்பட்டதில் ஒரு பகுதி விடுபட்டு மீண்டும் கிணற்றுக்கு வடிகிறது. இவ்வாறு ஏறி இறங்கி பூசப்பட்ட அடுக்குதான் உங்கள் உண்மையான எதிரி. கிணற்றில் மிதந்தது அதன் சிறு பகுதியே. கார்த்திகை மாதத்தில் கிணற்றை எட்டிப் பார்த்துக் கொடுத்த அந்தக் கடிதத்துக்கு எந்த மதிப்பும் இல்லை.

மிதப்பதை எடுப்பது அவசியம்தான். ஆனால் பம்பாலும் துணியாலும் எடுக்கக்கூடியது, சிந்தியதில் பாதிகூட வராது. மிச்சம் மணலில் தந்துகி விசையால் ஒட்டிக்கொண்டு, ஒரு கன மீட்டருக்கு பத்து லிட்டர் என்ற அளவிலும்கூட, இழுத்தாலும் வராமல் நிற்கும். நீரை மட்டும் ஆண்டுக்கணக்கில் இறைத்துச் சுத்திகரிக்கும் முறையும் இதே இடத்தில்தான் தோற்கிறது. இறைக்கும்போது அளவு குறையும். நிறுத்தியதும் ஒட்டியிருந்தது மீண்டும் கரைந்து அளவு ஏறும்.

ஒட்டியிருப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கைச் சொல்கிறேன். இந்தியப் பெட்ரோலில் பென்சீன் அதிகபட்சம் 1 சதவீதம் இருக்கலாம். தூய பென்சீன் ஒரு லிட்டர் நீரில் சுமார் 1,780 மில்லிகிராம் கரையும். பெட்ரோலில் அது நூற்றில் ஒரு பங்குதான் என்பதால், பெட்ரோலைத் தொட்டு நிற்கும் நீரில் லிட்டருக்குச் சுமார் 18 மில்லிகிராம் வரை போகலாம். குடிநீரில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு 0.01 மில்லிகிராம். அதாவது 1,800 மடங்கு. பென்சீன் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. எனவே துளிகள் மணலில் இருக்கும்வரை, படலம் கண்ணுக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், அந்த நீர் குடிக்கவோ குளிக்கவோ ஏற்றதன்று.

இப்போது தோண்டுவதைப் பற்றி. உங்கள் உறுப்பினர்களின் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. கெட்டதைக் கண்ணெதிரே லாரியில் ஏற்றினால் மனம் ஆறும். ஆனால் கெட்ட அடுக்கு 15 அடியிலிருந்து 22 அடி வரை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடற்கரை மணலில் அந்த ஆழத்துக்குப் பள்ளம் வெட்டினால் சுவர் நிற்காது. சுற்றிலும் இரும்புத் தகடு அடித்துத் தாங்க வேண்டும். ஊறும் நீரை ஓயாமல் இறைக்க வேண்டும். அந்த நீரும் கெட்ட நீர்தான். மிகையாக இறைத்தால் கீழே உள்ள உப்பு நீர் மேலேறும். பக்கத்து அஸ்திவாரங்கள் இறங்கலாம். பள்ளத்திலிருந்து எழும் ஆவி காற்றில் 1.4 சதவீதத்தைத் தாண்டினாலே தீப்பிடிக்கும் நிலைக்கு வந்துவிடும். இத்தனையும் செய்தாலும், பங்குக்கும் உங்கள் கிணற்றுக்கும் இடையே வீடுகளின் அடியில் இருப்பதைத் தோண்டவே முடியாது. தொட்டி இருந்த குழியைச் சுற்றி, மேலாக நனைந்த மண்ணை மட்டும் அகற்றச் சொல்லுங்கள். அது நியாயமான கோரிக்கை, அதை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

மற்றதற்குக் காற்றுதான் ஏற்றது. நீர்மட்டத்துக்கு மேலுள்ள மணலில் துளையிட்ட குழாய்களை இறக்கி, வெற்றிடப் பம்பால் ஆவியை உறிஞ்சினால், பெட்ரோலின் எளிதில் ஆவியாகும் பகுதி காற்றோடு வெளியே வரும். அந்தக் காற்றை, ஆவியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் தூண்டிய கரி நிரப்பிய கலங்களின் வழியே செலுத்திய பிறகே வெளியில் விட வேண்டும். நீர்மட்டத்துக்குக் கீழே சிறைப்பட்ட துளிகளுக்கு, இன்னும் ஆழமான மெல்லிய குழாய்களில் காற்றை அழுத்திச் செலுத்துவார்கள். அது நீரினூடே மேலேறும்போது கரைந்த பென்சீனைப் பற்றிக்கொண்டு மேலே போகும், நீருக்கு ஆக்சிஜனையும் தரும். திருவான்மியூரின் கடற்கரை மணல் இதற்கு உகந்தது. இதே திட்டத்தை வேளச்சேரியின் களிமண்ணில் போட்டிருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

உங்கள் ஆலோசகரிடம் ஒன்றை மட்டும் அழுத்தமாகக் கேளுங்கள். மணலுக்கு இடையே களிமண் பட்டை இருந்தால், அழுத்திய காற்று மேலே வர வழியின்றி அதன் அடியில் பக்கவாட்டில் ஓடி, ஆவியை யாரோ ஒருவர் வீட்டுத் தரையடியிலோ லிப்ட் குழியிலோ கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆகவே துளையிட்டு எடுத்த மண் மாதிரிகளின் பதிவு வேண்டும். உள்ளே செலுத்தும் காற்றைவிட உறிஞ்சும் காற்று எப்போதும் அதிகமாக இருக்க வேண்டும். உறிஞ்சும் பம்பு நின்றால் செலுத்தும் பம்பும் தானாக நிற்கும்படி இணைத்திருக்க வேண்டும். மின்தடை என்பது நம் ஊரில் புதிய செய்தியன்று.

பதில்: வடசென்னை வாசி

ஐயா, நான் பொறியாளர் அல்லன். தண்டையார்பேட்டையில் 2013-ஆம் ஆண்டு எரிபொருள் கசிந்து ஆழ்துளைக் கிணறுகளில் எண்ணெய் வந்தபோது அந்தப் பகுதியில் குடியிருந்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில், அந்தக் கிணற்று மோட்டாரை இனி இயக்காதீர்கள். ஒரு பொறி போதும். அத்துடன், நீங்கள் இறைக்க இறைக்க, பங்கின் பக்கம் நிற்பதையும் உங்கள் கிணறு தன்னை நோக்கி இழுக்கும். 80 அடிக் கிணற்றையும் ஆய்வு முடியும்வரை நிறுத்திவிட்டு, செலவானாலும் மெட்ரோ வாட்டர் லாரியை நம்புங்கள். அந்தச் செலவின் ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். நீரைக் கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று எங்கள் தெருவில் பலர் நம்பினார்கள். கொதிக்க வைத்தால் பென்சீன் ஆவியாகிச் சமையலறைக் காற்றில் கலக்கிறது, அவ்வளவுதான். வீட்டு ஆர்.ஓ. கருவியையும் இதற்கு நம்பக் கூடாது.

அடுத்து, மாதிரி எடுக்கும் முறை. நாங்கள் தொடக்கத்தில் செய்த தவறு இதில்தான். தண்ணீர் பாட்டிலில் முக்கால் அளவு பிடித்து, இரண்டு நாள் மேசைமேல் வைத்திருந்து ஆய்வகத்தில் கொடுத்தோம். பென்சீன் மிகக் குறைவு என்று அறிக்கை வந்தது. அது பாட்டிலின் மேற்பகுதிக்கும் பிளாஸ்டிக்குக்குமே போய்விட்டது என்று பின்னர்தான் தெரிந்தது. ஆய்வகமே தரும் 40 மில்லிலிட்டர் கண்ணாடிக் குப்பிகளில், உள்ளே ஒரு காற்றுக் குமிழிகூட இல்லாமல் விளிம்புவரை நிரப்பி மூடி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றே அனுப்ப வேண்டும். அங்கீகாரம் பெற்ற ஆய்வகமாக இருக்க வேண்டும்; பென்சீன், டொலுயீன், எத்தில் பென்சீன், சைலீன் ஆகிய நான்கையும் தனித்தனியே கேட்க வேண்டும். "எண்ணெய் மற்றும் கிரீஸ்" என்ற ஒற்றை எண்ணைக் கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது.

கிண்டியில் உள்ள தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்து மூலம் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். எங்கள் விவகாரம் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை சென்றது. அங்கே எங்கள் பக்கம் நின்றவை தேதியிட்ட ஆய்வறிக்கைகள்தாம்.

பதில்: நுண்ணுயிரியல் ஆசிரியை, தாம்பரம்

ஐயா, அழுகிய முட்டை வாடையையும் பழுப்பு நீரையும் கண்டு அஞ்ச வேண்டாம். சாக்கடை கலந்திருக்க வாய்ப்பே இல்லை என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது. அதற்குக் கோலிபார்ம் சோதனை ஒன்றைச் செய்துவிடுங்கள். ஆனால் நீங்கள் கூறிய இரண்டு அடையாளங்களும், உங்கள் மண்ணில் ஏற்கெனவே வாழும் பாக்டீரியாக்கள் பெட்ரோலை உண்ணத் தொடங்கிவிட்டன என்பதையே பெரும்பாலும் காட்டுகின்றன.

அவை முதலில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும். அது தீர்ந்ததும் நைட்ரேட், பிறகு மாங்கனீசு, இரும்பு, அதன்பின் சல்பேட் என்று ஒவ்வொன்றாக இறங்கிச் செல்லும். மணல் பருக்கையில் துருவாக ஒட்டியிருந்த இரும்பு அப்போது கரைந்து நீரில் வருகிறது. குழாயில் பிடித்து வைத்ததும் காற்றுப் பட்டு மீண்டும் துருவாகிறது. அதுவே உங்கள் பழுப்பு. சல்பேட்டைப் பயன்படுத்தினால் ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகும். அதுவே முட்டை வாடை. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 2,700 மில்லிகிராம் சல்பேட் உண்டு என்பதால், உப்பு சற்றே ஏறிய கடலோரக் கிணறுகளில் இந்த வாடை எளிதில் வரும். ஆய்வுக்குக் கொடுக்கும்போது நைட்ரேட், கரைந்த இரும்பு, சல்பேட் மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். நிலத்தடி நீர் பங்கை நோக்கி வரும் பக்கத்தில் உள்ள நல்ல கிணற்றில் சல்பேட் அதிகமாகவும் உங்கள் கிணற்றில் குறைவாகவும் இருந்தால், நான் சொல்வது உறுதியாகும்.

அப்படியானால் எதற்காகக் காற்று? ஒரு கிலோ பெட்ரோலைப் பாக்டீரியா முழுவதும் எரித்து முடிக்க ஏறத்தாழ மூன்றரைக் கிலோ ஆக்சிஜன் வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் தாங்கக்கூடிய ஆக்சிஜன் சுமார் 8 மில்லிகிராம் மட்டுமே. ஆகவே ஒரே ஒரு கிலோ பெட்ரோலுக்கு, காற்று நிறைந்த நீர் 4 லட்சம் லிட்டருக்கும் மேல் அந்த மணல் வழியே ஓட வேண்டும். அதே ஆக்சிஜனைக் காற்றாகக் கொடுத்தால் 13 கன மீட்டர் போதும்; ஒரு சிறிய அறையின் பாதிக் காற்று. மண்ணுக்குள் மெதுவாகக் காற்றை விடும் முறையின் வலிமை முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது. அமெரிக்க விமானப்படை 1990-களில் தன் தளங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் இம்முறையைச் சோதித்துப் பார்த்தது. குளிர் நாடுகளில் மண்ணின் வெப்பம் 10 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும் இடங்களிலும் அது வேலை செய்தது. நம் நிலத்தடி நீர் சுமார் 28 பாகையில் இருக்கும். பத்துப் பாகை ஏறினால் பாக்டீரியாவின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

பாக்டீரியாத் தூளுக்குப் பணம் கொடுக்காதீர்கள் என்பதே என் கருத்து. டெரி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய ஆயில்ஜாப்பர் போன்ற பாக்டீரியாக் கலவைகள் எண்ணெய்க் கசடு கொட்டிய திறந்த நிலத்தில், மண்ணை உழுது கிளறும் இடத்தில் நல்ல பயன் தந்திருக்கின்றன. 20 அடி ஆழத்து மணலில் ஊற்றினால், அவை குழாயின் வாயிலேயே வடிகட்டப்பட்டு நின்றுவிடும். உங்கள் மண்ணில் உண்பவர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களுக்கு மூச்சுதான் கிடைக்கவில்லை. நைட்ரஜனும் பாஸ்பரசும் குறைவாக இருந்தால் சிறிதளவு சேர்க்கலாம், அதுவும் மண்ணை அளந்த பிறகே.

கேள்வியாளர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மோட்டாரின் மின் இணைப்பைத் துண்டித்துவிட்டோம். கிணற்றுக்குப் பூட்டும் போட்டுவிட்டோம். முட்டை வாடை பற்றி அம்மா எழுதியதை அச்சிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறேன்.

இன்னும் மூன்று ஐயங்கள். இன்னொரு நிறுவனத்தார், ஹைட்ரஜன் பெராக்சைடை நிலத்துக்குள் செலுத்தி மூன்றே வாரத்தில் முடிப்பதாகச் சொல்கிறார்கள். அதை ஏற்கலாமா? எங்கள் மொட்டைமாடி மழைநீர் முழுவதும் அந்த உறை கிணற்றுக்குள்தான் இறங்குகிறது. அதை என்ன செய்வது? கடைசியாக, வேலை முடிந்துவிட்டது என்று எதை வைத்து ஒப்புக்கொள்வது?

பதில்: நிலத்தடி நீர்ப் பொறியாளர், அடையாறு

பெராக்சைடை இப்போது ஏற்காதீர்கள். இரும்போடு சேரும்போது அது பென்சீனை விரைவாகச் சிதைக்கும் என்பது உண்மைதான். ஆனால் வெப்பத்தையும் வாயுவையும் கிளப்பும்; மிதக்கும் பெட்ரோல் இருக்கும் இடத்தில், அதுவும் வீடுகளுக்கு நடுவே, அது ஆபத்து. ஒட்டியிருக்கும் எரிபொருளின் அளவுக்கு ஈடாக எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று கணக்கிட்டால் அந்த "மூன்று வாரம்" தானாகக் கரைந்துவிடும். எரிபொருளில் பெரும்பகுதி வெளியேறிய பின், ஓரிரு இடங்களில் பிடிவாதமாக நிற்கும் எச்சத்துக்குப் பெராக்சைடைப் போலவே பென்சீனைச் சிதைக்கும் பெர்சல்பேட் போன்ற வேதிப்பொருள்களைப் பரிசீலிக்கலாம். பெர்மாங்கனேட் என்று யாராவது சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள். பென்சீனை அது ஏறக்குறைய தொடுவதே இல்லை.

மழைநீரைப் பொறுத்தவரை, உறை கிணற்றுக்குள் இறங்கும் குழாயை இந்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே துண்டித்து, மாசுக்கு எட்டாத பக்கத்தில் தனிக் கசிவுக் குழி ஒன்றுக்குத் திருப்புங்கள். மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் நம் மாநிலத்தில் கட்டாயம் என்பதால் அதை முற்றிலும் நிறுத்த வேண்டியதில்லை. இடத்தை மாற்றினால் போதும். கிணற்றுக்குள் நேரே கொட்டும் நீர், அங்கே நிற்கும் பெட்ரோலைச் சுற்றிலும் உள்ள மணலுக்குள் தள்ளிவிடும்.

கசிந்தது எத்தனால் கலந்த பெட்ரோலா என்பதையும் கேட்டு வையுங்கள். 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல் இப்போது விற்பனையாவதால் இது முக்கியம். பாக்டீரியாக்கள் எத்தனாலை முதலில் உண்டு ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். பென்சீன் காத்திருந்து, வழக்கத்தைவிடத் தொலைவுக்குப் போகும். அப்படியென்றால் கண்காணிப்புக் கிணறுகள் கடற்கரைப் பக்கமாக இன்னும் சற்றுத் தள்ளியும் வேண்டும்.

முடிவை எதை வைத்து ஒப்புக்கொள்வது என்பதுதான் மூன்றிலும் பெரிய கேள்வி. பம்புகள் ஓடும்போது எடுத்த மாதிரியை ஏற்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது எல்லா எண்களும் அழகாகவே இருக்கும். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஒரு முழுச் சுற்று, அதாவது மழைக்குப் பின் தை மாதத்திலும், நீர் மிகவும் இறங்கும் வைகாசியிலும் எடுத்த மாதிரிகளில் பென்சீன் வரம்புக்குள் நின்றால் மட்டுமே கையெழுத்திடுங்கள். இடையில், காற்றை நிறுத்தி மண்ணுக்குள் ஆக்சிஜன் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று அளக்கும் சோதனையையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்யச் சொல்லுங்கள். மண்ணில் இன்னும் எரிபொருள் இருந்தால், 21 சதவீதத்திலிருந்து ஓரிரு நாள்களிலேயே அது வேகமாகச் சரியும். எரிபொருள் தீரத் தீர அந்தச் சரிவு மெதுவாகும். மணல் நிலத்தில் இரண்டு, மூன்று ஆண்டுகள் என்று எதிர்பாருங்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. உங்கள் 80 அடி ஆழ்துளைக் கிணற்று நீரில் பென்சீன் இல்லை என்று அறிக்கை வந்தாலும் அதைக் கொண்டு மகிழ வேண்டாம். அந்தக் குழாயில் நீர் நுழையும் துளைகள் அடியில் இருக்கும். பெட்ரோல் மேலே நிற்கிறது. புதிதாகப் போடும் கண்காணிப்புக் கிணறுகளில் துளையிட்ட குழாய், மழைக்கால நீர்மட்டத்துக்கு 3 அடி மேலே தொடங்கி, கோடை நீர்மட்டத்துக்கு 5 அடி கீழே முடிய வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். துளை போடும் அன்று நீங்களோ சங்கத்தைச் சேர்ந்த ஒருவரோ அருகில் நின்று, குழாய் உள்ளே இறங்குவதற்கு முன் டேப்பை வைத்து அளந்து பாருங்கள்.